ஷேர் வண்டியில் ஏறலாமா, வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு வருஷம் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஆட்டோ ஓட்டினேன். இப்போது டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையும் மாலையும் பின்சீட்டில் மூன்று பேரில் ஒருவனாகப் போய் வருகிறேன். இரண்டு சீட்டிலும் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள், லீசிங்கில் ஆட்டோ எடுக்கப்போகும் தம்பிமார் கேட்பார்கள், கடைக்கு வரும் அக்காமார் கேட்பார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைக்கிறேன்.

ஷேர் வண்டி என்று எதைச் சொல்கிறீர்கள்?

முன்பின் அறியாதவர்கள், அல்லது முகம் மட்டும் அறிந்தவர்கள், ஒரே வண்டியில் ஏறி வாடகையைப் பங்குபோட்டுக்கொள்வது. இதில் இரண்டு ரகம். ஒன்று, ஸ்டாண்டில் ஆள் சேர்த்துப் போவது. "நோர்வூட் ஒராள், நோர்வூட் ஒராள்" என்று கூப்பிடுவார்களே, அது. மற்றது, போனில் ஆப்பைத் தட்டினால் அதே பக்கம் போகும் இன்னொருவரை அதுவே தேடிப்பிடித்து ஒரே காரில் ஏற்றுவது. குடும்பமாக ஹயர் பிடிப்பதையும் (முழு வண்டியையும் தனக்கென்றே பிடிப்பது), மாதக் காசு கட்டும் ஸ்கூல் வேனையும் நான் இங்கே பேசவில்லை.

இது இப்போது வந்த பழக்கமா?

பெயர்தான் புதிது. 1914இல் லாஸ் ஏஞ்சலிஸில் கார் வைத்திருந்தவர்கள், ட்ராம் ஓடும் தெருவிலேயே ஐந்து சதத்துக்கு ஆள் ஏற்றத் தொடங்கினார்கள். அந்த ஐந்து சதக் காசின் கொச்சைப் பெயரே வண்டிக்கும் ஒட்டிக்கொண்டு 'ஜிட்னி' ஆனது. ட்ராம் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லைசன்ஸ், காப்புறுதி என்று ஒவ்வொரு நகரசபையிலும் சட்டம் போட வைத்துச் சில வருஷத்தில் அதை முடக்கிவிட்டார்கள். இஸ்தான்புலில் ஓடும் ஷேர் வண்டிக்கு 'டொல்முஷ்' என்று பெயர். துருக்கி மொழியில் 'நிரம்பியது' என்று பொருள். நிரம்பினால்தான் எடுப்பான். நம்ம ஸ்டாண்ட் அண்ணன்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போனில் கூப்பிடும் ஷேர், 2014 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் 'ஊபர் பூல்' என்ற பெயரில் வந்தது. அதே மாதம் 'லிஃப்ட்' கம்பெனியும் தன்னுடையதை இறக்கியது.

காசு குறைகிறதென்றால் எல்லோரும் ஏற வேண்டுமே? நகரத்து ஆட்கள் ஏன் தவிர்க்கிறார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

ஹயர் பிடிப்பவர் கூடுதலாகக் கொடுக்கும் காசு எதற்கு? சொகுசுக்கு என்றுதான் ஓட்டத் தொடங்கிய காலத்தில் நானும் நினைத்தேன். பிறகு ஒன்றைக் கவனித்தேன். அதே ஆள் காலையில் ஹயர் சொல்லுவார், பின்னேரம் ஷேருக்கு நிற்பார். காலையில் நேர்முகப் பரீட்சைக்கோ, பிள்ளையின் ஓ.எல். பரீட்சைக்கோ, டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்கில் நம்பர் எடுக்கவோ போகிறார். பின்னேரம் வீட்டுக்குத்தான் போகிறார். சட்டைப்பையில் இருக்கும் காசு காலையைவிடப் பின்னேரம் கூடிவிடவில்லை. பிந்தினால் என்ன நடக்கும் என்பதுதான் மாறியிருக்கிறது. ஆக, அவர் கூட்டிக் கொடுக்கும் காசு 'எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்' என்ற கேள்விக்கு ஒரு பதில் வாங்கக் கொடுக்கும் காசு.

நகரத்து ஆப் ஷேர் தடுக்கி விழுந்த இடமும் அதுதான். தனி வண்டி என்றால் இருபது நிமிஷம். ஷேர் என்றால் இருபதாகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். வழியில் யார் கூப்பிடுவார், எந்த ஒழுங்கைக்குள் திருப்ப வேண்டும், அவர் வாசலில் வந்து நிற்பாரா அல்லது இனித்தான் சப்பாத்து மாட்டுவாரா, ஏறும்போது எதுவும் தெரியாது. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்தபோதும், அந்நியரோடு உட்காரும் கூச்சத்தைவிட, மிச்சமாகும் காசுக்கும் வீணாகும் நேரத்துக்கும் இடையிலான கணக்கே பெரும்பாலோரின் முடிவைத் தீர்மானிப்பதாகக் கண்டார்கள்.

ஊபர் இதைப் பட்டுத்தான் கற்றது. கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் பூலை நிறுத்தியது. 2022 ஜூனில் அமெரிக்காவில் வேறு பெயரோடு திரும்பி வந்தபோது, கூட ஏறுவது ஒரே ஒருவர்தான் என்றது; சராசரியாக எட்டு நிமிஷத்துக்கு மேல் பிந்தாது என்றது. கழிவு அதிகபட்சம் 20 சதவீதம், அதுவும் முழுதாகக் கிடைப்பது இன்னொருவர் உண்மையில் ஏறினால்தான். பழைய பூலில் யாரும் ஏறாவிட்டாலும் குறைந்த காசுதான். அதனால் யாரும் ஏறிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே ஷேர் பட்டனை அமுக்கிய ஆட்கள் நிறைய. லொத்தர் சீட்டு மாதிரி. லிஃப்ட் 2023இல் ஷேரையே கைவிட்டது.

2017இல் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நியூயோர்க்கில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாக்சிகள் செய்யும் வேலையில் 98 சதவீதத்தை, நாலு பேர் உட்காரும் 3000 கார்களே செய்துவிடும். காத்திருப்பு சராசரியாக மூன்று நிமிஷத்துக்குள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் இருக்கும் நியூயோர்க்காரர் அத்தனை பேரும் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சரி என்று சம்மதித்துவிட்டவர்கள்.

அப்படியானால் நம்ம பக்கம் மட்டும் எப்படிச் சரிவருகிறது?

முதல் காரணம் பாதை. கொழும்பில் இரண்டு பேர் ஒரே திசையில் போனாலும் ஒருவர் வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள்ளும் மற்றவர் நாரஹேன்பிட்டியில் ஒரு ஒழுங்கைக்குள்ளும் இறங்குவார். ஒருவரின் வாசல் மற்றவருக்குச் சுற்று. மலைநாட்டில் பாதை ஆறு மாதிரி, ஒரே கோடு. ஹட்டனில் எடுத்தால் டிக்கோயா, அப்புறம் நோர்வூட். நோர்வூட்டில்தான் ஒரு கிளை மஸ்கெலியாவுக்கும் மற்றது பொகவந்தலாவைக்கும் பிரிகிறது. அதுவரை யாரை எங்கே இறக்கினாலும் யாருக்கும் சுற்று இல்லை. இறங்குபவர் பையை எடுக்கும் அரை நிமிஷம்தான் தாமதம். நகரத்து ஆப் கம்பியூட்டரைப் போட்டுத் தேடும் பொருத்தத்தை நமக்கு மலையும் பள்ளத்தாக்கும் சும்மா தந்துவிடுகின்றன.

இரண்டாவது, பேச்சு முதலிலேயே முடிந்துவிடும். மூன்று பேர் சேர்ந்தால் எடுப்போம், தலைக்கு இவ்வளவு, மெயின் ரோட்டிலேயே இறக்கம். காத்திருக்கும் நேரம் மட்டும்தான் தெரியாது. அதிலும் ஆளுக்கு ஒரு மதிப்பீடு உண்டு. பத்தாந்தேதி சம்பளம் போட்ட பின்னேரமென்றால் ஐந்து நிமிஷத்தில் வண்டி நிரம்பும். மழைநாளில் இரண்டு மணி வாக்கில் நின்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

ஓடும் வண்டியில் பத்து நிமிஷம் பத்து நிமிஷம்தான். நிற்கும் வண்டியில் அது அரைமணி போல இருக்கும். அதனால் கெட்டிக்கார டிரைவர்மார் இரண்டு பேர் சேர்ந்ததுமே எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி நாலடி முன்னே நகர்த்தி வைப்பார்கள். புறப்பட்டுவிட்ட மாதிரி ஒரு தோற்றம். நானும் செய்திருக்கிறேன்.

எல்லாம் சரிவருகிறது என்று சொல்லமாட்டேன். மெயின் ரோட்டைவிட்டுத் தோட்டப் பாதைக்குள் ஏறும் இடத்தில் நகரத்து நோய் நமக்கும் வந்துவிடும். "மேல் டிவிஷன் வரைக்கும் விட்டுருங்கண்ணே" என்று ஒருவர் சொன்னதுமே மற்ற இரண்டு பேரும் வெளியே பார்ப்பார்கள். கல்லும் குழியுமான அந்த இரண்டு கிலோமீற்றர் ஏற்றத்தில்தான் ஷேரில் சண்டை வரும். ஏறும் முன்பே சொல்லாதவர் மெயின் ரோட்டில் இறங்கி நடப்பதுதான் எங்கள் ஸ்டாண்டின் வழக்கம்.

பெண்கள் தனியாக ஷேரில் போகலாமா?

பகலில், தெரிந்த ஸ்டாண்டில், போகிறார்கள். இருட்டிய பிறகு எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கையில் ஒரு ஆய்வு செய்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். பொலிஸுக்குப் போனவர்கள் 4 சதவீதம். அதனால் ஒரு பெண் ஷேர் ஆட்டோவை எடைபோடும்போது, மறுதட்டில் இருப்பது பெரும்பாலும் நெரிசல் பஸ். ஆட்டோவில் இரண்டு பேரைத்தான் சமாளிக்க வேண்டும், பஸ்ஸில் அறுபது பேரை. சிலருக்கு அந்தக் கணக்கு ஷேர் பக்கம் சாயும். வேறு சிலருக்கு, மூன்று பேர் உட்கார்ந்தால் தோளும் முழங்காலும் படாமல் இருக்கவே முடியாத அந்தப் பின்சீட்டைவிட, இறங்கி ஓட வழியுள்ள பஸ் மேல். இரண்டையும் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் ஸ்டாண்டில் யாரும் எழுதி வைக்காத வழக்கங்கள் சில உண்டு. பெண்ணுக்கு ஓரத்துச் சீட்டு. இன்னொரு பெண் வரும்வரை நிற்கிறேன் என்று அவர் சொன்னால் முறை போய்விட்டதென்று யாரும் முணுமுணுக்கக் கூடாது. ஏழு மணிக்கு மேல் ஒரு பெண்ணைத் தனியாக ஸ்டாண்டில் விட்டுவிட்டுக் கடைசி வண்டி போகக் கூடாது. வாஷிங்டன் நகரத்தில் 1970களிலிருந்து ஒரு பழக்கம் இருக்கிறது. மூன்று பேர் இருந்தால்தான் விரைவுப் பாதையில் காசு வாங்காமல் விடுவார்கள் என்பதால், கார்க்காரர்கள் வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாதவர்களைச் சும்மாவே ஏற்றிப் போவார்கள். அந்த வரிசைக்கும் எழுதாத சட்டம் உண்டு. டிரைவர் பேசாமல் பயணி பேச்சை ஆரம்பிக்கக் கூடாது. வரிசையில் ஒரு பெண்ணைத் தனியாக விட்டுப் போகக் கூடாது. அவர்களும் நாமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

ஆப்பில் போனால் டிரைவர் பெயர், வண்டி நம்பர், போன பாதை எல்லாம் பதிவாகும். ஸ்டாண்டில் அந்தப் பதிவு இல்லை. டிரைவரின் வீடு எந்த லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), அவர் மாமனார் யார் என்பது ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான். புதிதாக ஊருக்கு வந்த டீச்சருக்கு அதனால் என்ன பயன்? ஆகவே வண்டி நம்பரைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். ஓட்டியவன் சொல்கிறேன், ஒழுங்கான டிரைவருக்கு அதில் கோபம் வராது. பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பது அவ்வளவு முக்கியமா?

இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவில் ஷேர் பயணிகளிடம் கேட்டுப் பார்த்த ஆய்வுகளில், வேறு நிறத்தவரோடும் வேறு வர்க்கத்தவரோடும் உட்கார மனமில்லாதவர்களும் இருந்தார்கள். நம்மிடம் அதைக் கேள்விக்கொத்துக் கொடுத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் போதும்.

ஒரு நாள் பின்னேரம், கொழுந்து பறித்துவிட்டு மலையால் நேராக வந்த ஒரு அம்மா என் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கு நனைந்திருந்தது. மடித்து மடியில் வைத்திருந்தார். டவுனில் வேலை செய்கிற ஒரு பையன் வந்தான், வெள்ளைச் சட்டை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, மூணு சீட்டுக்கும் நானே தாறேன், தனியா போவோம்" என்றான். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் இறங்கிக்கொண்டார். மூன்று சீட்டுக் காசையும் வாங்கினேன். திரும்பி வந்தபோது பனிமூட்டத்துக்குள் அவர் அங்கேயேதான் நின்றார். அந்தப் பையன் இறங்கிய இடமும் ஒரு லயத்து வாசல்தான் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தனியாகப் போவது அவன் உரிமை, மறுக்கவில்லை. உட்கார்ந்திருந்தவரை இறக்கியது என் பிழை. அதன் பிறகு, ஒருவர் ஏறிவிட்டால் அந்த வண்டி ஷேர்தான், ஹயர் வேண்டுமானால் பின்னால் நிற்கும் வண்டி என்று வைத்துக்கொண்டேன்.

வாடகையை எப்படிப் பங்கிடுவது?

உதாரணத்துக்கு, தனியாக ஹயர் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாய்ப் பிரித்தால் 300. ஆனால் டிரைவர் 350 கேட்பார். காத்து நின்றதற்கும், நடுவில் ஒரு சீட் காலியாகும் நட்டத்துக்கும் அந்த ஐம்பது. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. ஏறும் முன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "மூணாவது ஆள் வராட்டி எவ்வளவு?" இதைக் கேட்காமல் ஏறியவர்தான் இறங்கும்போது சத்தம் போடுவார்.

2024 செப்டம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதை வைத்து 900ஐப் பாருங்கள், 350ஐயும் பாருங்கள். ஷேர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே பல வீடுகளில் எழாது.

டிரைவர்மாருக்கு இது பிடிக்குமா?

ஸ்டாண்டில் பிடிக்கும், ஏனென்றால் தலைக்குக் காசு. ஆள் கூடக்கூட டிரைவருக்கு லாபம், அதனால்தான் மூன்றாவது ஆளுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார். ஆப் ஷேரில் அப்படியில்லை. ஓடிய தூரத்துக்கும் நேரத்துக்கும்தான் டிரைவருக்குக் காசு. கூட ஒருவரை ஏற்றினால் நிறுத்தம் கூடும், தேடல் கூடும், பிந்திய கோபத்தில் பயணி நட்சத்திரத்தைக் குறைப்பார். வெளிநாட்டு நகரங்களில் டிரைவர்களே பூலை வெறுத்ததற்கு இதுதான் காரணம்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் எல்லோரும் ஷேரில் போனார்களே, பிறகு என்ன ஆனது?

அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் லீட்டர் 470 ரூபாய். ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது, ஆட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீட்டர் என்று தொடங்கினார்கள். இந்த ஏற்றத்தில் ஐந்து லீட்டர் எத்தனை நாளைக்கு? தனியாக மட்டுமே போய்ப் பழகிய கடை முதலாளிமார்கூட அப்போது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். நல்ல கதை பேசினார்கள், போன் நம்பரெல்லாம் மாற்றிக்கொண்டார்கள். வரிசை ஒழிந்து பெற்றோல் தாராளமாகக் கிடைத்ததும் அவரவர் பழையபடி ஹயருக்குப் போய்விட்டார்கள். நம்பர்கள் மட்டும் என் போனில் மிச்சம்.

நானுஓயாவில் ரயிலால் இறங்கினால் ஷேர் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ரயிலுக்குள்ளேயே ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள். நுவரெலியா டவுனுக்குள் ரயில் போவதில்லை. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சின்ன ரயில் ஓடியது, 1940களில் மூடிவிட்டார்கள். மிச்ச எட்டுக் கிலோமீற்றர் சொச்சத்துக்கு ஆட்டோ, வேன், பஸ்தான். மேடையில் இறங்கிய பிறகு தேடினால் ஆளுக்கொரு பெரிய பையோடு இரண்டு வெள்ளைக்காரர் முழு ஆட்டோவையும் நிரப்பிவிட்டிருப்பார்கள்.

சிவனொளிபாதமலை சீசனில்?

மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் போயா வரை ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு இரவிலும் வேன் ஓடும். எல்லோருக்கும் இறங்கும் இடம் ஒன்று, நோக்கமும் ஒன்று. இதைவிடச் சுலபமான ஷேர் கிடையாது. தமிழரும் சிங்களவரும் தின்பண்டம் மாற்றிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது மட்டும் கவனம்: மலையிறங்கும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு, போன குழுவோடே திரும்புவோம் என்று காசை முன்கூட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆட்டோவில் டிரைவரைத் தவிர மூன்று பேர். டிரைவருக்குப் பக்கத்தில் நாலாவது ஆளை ஒட்டவைப்பது பிழை. வளைவில் ஹாண்டில் திருப்ப இடமில்லாமல் போகும். யாராவது அப்படி ஏற்றினால் இறங்கிவிடுங்கள். பஸ் ஓடும் பாதையில் வேன் வைத்துத் தலைக்குத் தலை காசு வாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும். மாகாணத்துக்குள் என்றால் மாகாண அதிகாரசபை, மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு.

ஷேரை வளர்க்க அரசாங்கம் ஏதாவது செய்யலாமா?

வெளிநாட்டில் வரியால் தள்ளிப் பார்த்தார்கள். நியூயோர்க்கில் 2019 பெப்ரவரியிலிருந்து மன்ஹாட்டன் நெரிசல் பகுதிக்குள் ஆப் வண்டிக்கு 2.75 டொலர் மேலதிகக் கட்டணம், ஷேர் என்றால் 75 சதம்தான். சிக்காகோவில் 2020 ஜனவரியில் நகர நடுவில் தனிப் பயணத்துக்கு 3 டொலர், ஷேருக்கு 1.25 என்று வைத்தார்கள்.

இங்கே வரி போட்டு ஷேருக்குத் தள்ள யாரும் மிச்சமில்லை. ஸ்டாண்டுக்கு ஒரு கூரை, ஒரு லைட், இருட்டிய பிறகும் ஓடும் ஒரு பஸ், இவ்வளவு போதும். பஸ் வந்தால் ஆட்டோவுக்கு ஆள் குறையுமே என்று பழைய கூட்டாளிகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

நீங்கள் எதில் போகிறீர்கள்?

இன்றைக்குப் பின்னேரம் ஷேர்தான். நாளை காலை மகளுக்குக் கண்டியில் நேர்முகப் பரீட்சை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒரு தம்பியிடம் ஹயர் சொல்லி வைத்திருக்கிறேன், விடியக்காலை நாலரைக்கு.